கொழுந்து மடுவத்துக்கு ஒரு செயலி: மெனு, பட்டன், டூல்பார் அமைக்கப் பழகுவோருக்கு

தேயிலைத் தோட்டத்து ஆபிசுக்கோ டவுன் கடைக்கோ ஒரு மென்பொருள் செய்து தரச் சொன்னால், மலையகத்துப் பிள்ளைகள் இப்போது தயங்குவதில்லை. அட்டன், பண்டாரவளை, பதுளைப் பக்கம் கணினி வகுப்புக்குப் போய்ப் படித்தவர்கள் இருக்கிறார்கள். யூடியூப் பார்த்துத் தானாகவே கற்றவர்களும் இருக்கிறார்கள். தரவுத்தளத்தை ஒழுங்காக அமைக்கிறார்கள், கூட்டல் கழித்தலில் பிசகு வருவதில்லை. சிக்கல் திரையில்தான் தொடங்குகிறது. எல்லா வேலைக்கும் ஒரே அளவில் பட்டன், மேலே வரிசையாகப் பெயரில்லாத ஐகன்கள், பாதி ஆங்கிலம் பாதி தமிழ். பாவிக்க வேண்டியவர் சில நாள் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வரவும் கூலிக் கணக்கும் எழுதும் செக்ரோல் புத்தகத்தையே கையில் எடுத்துவிடுகிறார்.

திரையை எப்படி அமைப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணம் கடைசிவரை ஒன்றுதான்: பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில், கணக்கை எழுதும் கணக்கப்பிள்ளையின் கையில் இருக்கும் போனில் ஓடும் கொழுந்து நிறுவைச் செயலி. இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு பட்டன் இடம் மாறி அழுந்தினால், காலையிலிருந்து மலையில் நின்ற ஒருவருடைய கூலியில் அது தெரியும். பில்லிங் செயலி, மரக்கறி மொத்தக் கடைச் செயலி, பாடசாலை வரவுச் செயலி எதைச் செய்தாலும் முறை இதுவே.

முதல் படி: போய் உட்கார்ந்து பாருங்கள்

கணினியைத் திறக்காமல் ஒரு நிறுவை முழுவதையும் மடுவத்தில் இருந்து பாருங்கள். சாக்கு தராசில் ஏறுகிறது. நம்பரைச் சொல்கிறார்கள். கிலோவை வாசிக்கிறார்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறார்கள். எழுதுகிறார்கள். அடுத்தவர் வந்துவிடுகிறார். இதற்கு எடுக்கும் நேரம் மிகக் குறைவு. பின்னால் நீண்ட வரிசை. கணக்கப்பிள்ளையின் ஒரு கை பெரும்பாலும் வேறு வேலையில் இருக்கும். ஆக, உங்கள் செயலிக்குக் கிடைப்பது ஒரு பெருவிரலும் சில விநாடிகளும் மட்டுமே. இதை நேரில் பார்க்காதவர் வரையும் திரையில் எட்டுக் கட்டங்களை நிரப்பச் சொல்லிக் கேட்டிருப்பார்.

பார்த்ததும் கேட்டதுமான வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தவர்களைக் குறிப்பது, கிலோ பதிவது, பிழையாகப் பதிந்ததைத் திருத்துவது, ‘இன்றைக்கு எனக்கு எவ்வளவு?’ என்று கேட்பவருக்கு மொத்தத்தைக் காட்டுவது, மலை நம்பரை (கொழுந்து பறிக்கும் பகுதியின் எண்ணை) மாற்றுவது, கிலோக் கணக்கில் காசு கொடுக்கும் கைக்காசுக் கணக்கைத் தனியாக வைப்பது, நாள் முடிந்ததும் ஆபிசுக்கு அனுப்புவது, புது ஆளைச் சேர்ப்பது, கழிக்கும் அளவை மாற்றுவது, மொழியை மாற்றுவது.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று விடைகளை எழுதுங்கள். ஒரு நாளில் இது எத்தனை தடவை நடக்கும்? யார் செய்வார்? பிழைத்தால் யாருக்கு என்ன நட்டம்? கிலோ பதிவது ஆளுக்கு இரண்டு மூன்று தடவை, அதாவது ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் நடக்கலாம். அனுப்புவது ஒரே தடவை. கழிக்கும் அளவை மாற்றுவது எப்போதாவது ஒரு நாள். அதையும் மடுவத்தில் நிற்பவர் செய்யக் கூடாது, ஆபிஸ்தான் செய்ய வேண்டும். இந்தத் தாள் கையில் இருந்தால் திரையில் பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டாம் படி: எதை எங்கே வைப்பது

பட்டன், டூல்பார், மெனு மூன்றுக்கும் வேலை வேறு வேறு. இந்தத் திரைக்கு வந்ததன் முக்கிய நோக்கம் எதுவோ அதற்குப் பட்டன். இடைக்கிடையே தேவைப்படும் நாலைந்து காரியங்களுக்கு டூல்பார். மீதி எல்லாவற்றுக்கும் மெனு. பெரிய கணினி மென்பொருளில் டூல்பாரில் உள்ள ஒவ்வொன்றும் மெனுவிலும் இருக்க வேண்டும். டூல்பார் குறுக்கு வழி, மெனு முழு விபரம். போனில் இடம் குறைவு என்பதால் அந்த இரட்டிப்புத் தேவையில்லை.

நம் செயலியில் நிறுவைத் திரை இப்படி வரும். மேலே மலை நம்பரும் இது எந்த நிறுவை என்பதும்: காலை, பகல், மாலை. நடுவில் ஆளின் நம்பர், பெயர், கிலோ. அதன் கீழே எண் விசைகள். அடியில் திரையின் அகலம் முழுக்க ஒரே ஒரு பெரிய பட்டன்: ‘கிலோவைப் பதி’. மேல் ஓரத்தில் டூல்பாராக மூன்று மட்டும்: ‘திருத்து’, ‘இன்றைய மொத்தம்’, ‘அனுப்பு’. புது ஆள், மொழி, கைக்காசு அறிக்கை எல்லாம் மெனுவுக்குள். கழிக்கும் அளவு இந்தப் போனிலேயே வரக் கூடாது. அது ஆபிஸ் கணினியில் இருக்கட்டும்.

‘அனுப்பு’ பட்டனை ‘கிலோவைப் பதி’க்குப் பக்கத்தில் வைத்தால் அழகாக இருக்கும் என்று தோன்றும். வைக்காதீர்கள். நூறு தடவை அழுத்தும் பட்டனுக்கு அருகில் ஒரு தடவை அழுத்தும் பட்டன் இருந்தால், விரல் ஒரு நாள் கட்டாயம் தவறும். அழிப்பது, அனுப்பி முடிப்பது போன்ற திரும்ப வராத காரியங்களை எப்போதும் தூரத்தில் வையுங்கள்.

இடத்தை ஒருமுறை தீர்மானித்தால் அதை மாற்றாதீர்கள். மைக்ரோசொஃப்ட் ஆபிஸ் 2000இல், அதிகம் பாவிக்காத கட்டளைகளை மெனு தானாகவே மறைத்துக்கொள்ளும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் நேற்று இருந்த கட்டளை இன்று அதே இடத்தில் இல்லை என்றால் ஆட்கள் தேடித் தவிப்பார்கள். பிறகு ஆபிஸ் 2007இல் வேர்ட், எக்ஸெல் போன்றவற்றின் பழைய மெனுவையும் டூல்பார்களையும் எடுத்துவிட்டு, ரிப்பன் என்ற பட்டையைப் போட்டார்கள். கட்டளைகள் பெருகிப் பெருகிப் பழைய அமைப்புக்குள் அடங்காமல் போனதே காரணம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இடப் பிரச்சினை வந்தது. உங்கள் செயலியில் பத்து வேலை இருக்கும்போதே ஒழுங்குபடுத்திவிடுவது நல்லது.

மூன்று கோடு போட்ட மெனு ஐகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1981இல் வந்த செராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நோர்ம் கொக்ஸ் என்பவர் வரைந்தது அது. இன்று எல்லாப் போனிலும் இருக்கிறது, ஆனாலும் ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு அது அழுத்தக்கூடிய பொருள் என்றே தெரியாது. கோடுகளுக்குக் கீழே ‘மெனு’ என்று எழுதிவிடுங்கள். மற்ற ஐகன்களுக்கும் இதே விதி. தராசு, கொழுந்து, ஆள் போன்ற படங்கள் உதவும். ஆனால் எழுத்தில்லாத படத்தை நம்பி ஒருவரின் கணக்கை விடக் கூடாது. பிளொப்பி டிஸ்க் படத்தைப் போட்டுவிட்டு அது சேமிப்பதற்கு என்று எல்லோரும் விளங்கிக்கொள்வார்கள் என எதிர்பார்க்க முடியாது. இன்றைய பிள்ளைகள் அந்த டிஸ்க்கைக் கண்ணால் கண்டதில்லை.

மூன்றாம் படி: பெயர் வைப்பது

என் கணிப்பில் தமிழ்ச் செயலிகள் அதிகம் சறுக்கும் இடம் இது. அகராதியைப் பார்த்தோ, ஆங்கில மெனுவை வரிக்கு வரி மாற்றியோ பெயர் வைக்கிறார்கள். மடுவத்தில் யாரும் ‘பச்சைத் தேயிலை எடைப் பதிவேடு’ என்று சொல்வதில்லை. கொழுந்து, நிறுவை, பேர் (முழு நாள் கூலி), அரைப்பேர் (அரை நாள் கூலி), கைக்காசு, பெரட்டு, மலை என்ற சொற்கள் பல தலைமுறையாகப் புழக்கத்தில் உள்ளன. அவற்றையே போடுங்கள். ‘செக்ரோல்’ ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பதற்காக அதை விலக்கிப் புதுச் சொல் தேடவும் வேண்டாம். பாவிப்பவர் வாயில் எது இருக்கிறதோ அதுவே பட்டனின் பெயர்.

பட்டன், மனிதர் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. அதனால் அங்கே ‘பதி’, ‘அனுப்பு’, ‘திருத்து’ என்று ஒருமையில் எழுதலாம். யாருக்கும் மரியாதைக் குறைவில்லை. ஆனால் இயந்திரம் மனிதரிடம் பேசும் இடங்கள் உண்டு: அறிவிப்பு, பிழைச் செய்தி, கேள்வி. அங்கே ‘மலை நம்பரைத் தெரிவுசெய்யுங்கள்’ என்றுதான் வர வேண்டும். ‘தெரிவுசெய்’ என்று ஒரு போன் தன் வயதுக்கு மூத்த கணக்கப்பிள்ளையை அதட்டுவது நன்றாக இல்லை. ஒரே செயலிக்குள் ‘பதி’, ‘பதிவு’, ‘பதியவும்’ மூன்றையும் கலப்பதும் வேண்டாம். ஒன்றை எடுத்தால் எல்லாப் பட்டனிலும் அதே வடிவம்.

கேள்விப் பெட்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். ‘இந்தப் பதிவை ரத்து செய்யவா?’ என்று கேட்டுவிட்டுக் கீழே ‘சரி’, ‘ரத்து’ என்று இரண்டு பட்டன் போட்டால், எதை அழுத்தினால் பதிவு போகும்? வரிசையில் ஆட்கள் நிற்கும்போது இதை யோசித்துக்கொண்டிருக்க முடியாது. ‘214ஆம் நம்பரின் 12.5 கிலோவை நீக்கவா?’ என்று கேளுங்கள். பட்டன்களில் ‘நீக்கு’, ‘வேண்டாம்’ என்று எழுதுங்கள். கேள்வியை வாசிக்காமல் பட்டனை மட்டும் பார்த்தாலும் விளங்க வேண்டும்.

நான்காம் படி: அளவும் மழையும்

1954இல் போல் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் ஒரு விதியைக் கண்டார். ஓர் இலக்கைக் கை போய்ச் சேர எடுக்கும் நேரம் இரண்டில் தங்கியிருக்கிறது: இலக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு பெரியது. கிட்டவும் பெரிதாகவும் இருந்தால் வேகம்; தூரவும் சிறிதாகவும் இருந்தால் தாமதமும் பிழையும். நாம் ‘கிலோவைப் பதி’யைத் திரையின் அடியில், பெருவிரல் இயல்பாக விழும் இடத்தில், முழு அகலத்துக்கு வைத்தது இந்தக் கணக்கில்தான்.

கூகுள், அண்ட்ரொய்ட் செயலிகளுக்குச் சொல்லும் குறைந்தபட்சத் தொடுபரப்பு 48 டிபி (திரை எதுவானாலும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரியும் அலகு). அப்பிள் அதே மாதிரியான தன் அலகில் சொல்வது 44 பொயின்ட். இரண்டும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவு. அது உலர்ந்த விரலுக்கும் நின்று நிதானிக்கும் ஆளுக்கும் போதும். அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் விரலும் ஈரம், திரையும் ஈரம். நீர்த்துளியையே சில திரைகள் தொடுகையாக எடுத்துக்கொள்ளும். அதனால் எண் விசைகளுக்கு 64 டிபிக்குக் குறையாமல் கொடுங்கள், இடையில் 8 டிபி வெறுமையாக விடுங்கள். நீக்குவது போன்ற காரியங்களுக்கு ஒற்றைத் தொடுகை போதாது. ஒரு விநாடி அழுத்திப் பிடிக்கும்படி செய்யலாம்.

எண் விசைகளின் வரிசை சிறிய விடயம் போலத் தெரியும். போனில் 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும். கல்குலேட்டரில் 7, 8, 9 மேலே இருக்கும். செயலி போனில் ஓடுகிறது, ஆகவே போன் வரிசையையே வையுங்கள். கலந்து வைத்தால் 17 என்பது 71 ஆகும்.

நிறத்தைப் பொறுத்தவரை, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டிகள் சொல்லும் அளவு. வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச் சாம்பல் எழுத்து கணினித் திரையில் நாகரிகமாக இருக்கும்; மதிய வெயிலில் மடுவத்து வாசலில் அது காணாமல் போய்விடும். வெள்ளையில் கறுப்பு என்றால் 21:1. அழகைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அதை எடுங்கள். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் பிழை என்று நிறத்தை மட்டும் வைத்துச் சொல்வதும் போதாது. இந்த இரண்டு நிறத்தையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு. நிறத்தோடு சொல்லும் சேர்ந்து வரட்டும்.

ஐந்தாம் படி: தமிழ் எழுத்துக்கு இடம் விடுவது

ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கு அளந்து செய்த பட்டனுக்குள் ‘பதிவிறக்கு’ என்ற சொல் நுழையாது. பட்டனுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். சொல்லுக்கு ஏற்ப விரியட்டும், தேவைப்பட்டால் இரண்டு வரியாகட்டும். உயரத்திலும் தாராளம் வேண்டும், வரி உயரம் எழுத்தளவின் ஒன்றரை மடங்கு என்றால் விசிறியும் சுழியும் வெட்டுப்படாது. எழுத்தளவை 16க்குக் கீழே இறக்க வேண்டாம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு இல்லாததால், முக்கியமானதைத் தடிப்பாலும் அளவாலும்தான் காட்ட முடியும்.

நீளமான பெயரை நிரலில் வெட்டும்போது கவனியுங்கள். ‘நிறுவை’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடு. ஐந்தாவது குறியீட்டோடு வெட்டினால் திரையில் ‘நிறுவ’ என்று வேறு சொல் நிற்கும். ஆட்களின் பெயரில் இது நடந்தால் அவர்களுக்கே தங்கள் பெயர் விளங்காது. உங்கள் நிரல்மொழியில் முழு எழுத்தாக எண்ணித் தரும் வசதியைத் தேடிப் பாவியுங்கள்.

பழைய ஆபிஸ் கோப்புகளில் பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்ப்பட்டியல் கிடைக்கலாம். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடுதான். எழுத்துரு மாறினால் குப்பையாகத் தெரியும், தேடவும் வரிசைப்படுத்தவும் முடியாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டே செயலிக்குள் ஏற்றுங்கள்.

மடுவத்தில் தமிழ் போதும். ஆபிசில் சிங்களமும் ஆங்கிலமும் தேவைப்படும். மொழி மாற்றும் இடத்தில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த எழுத்திலேயே எழுதுங்கள். தவறுதலாக மொழி மாறிவிட்டால் ஆள் தன் மொழியைக் கண்டு திரும்பி வர அதுவே வழி.

ஆறாம் படி: அழுத்திய பிறகு

பட்டனை அழுத்தினால் உடனே ஏதோ நடந்தது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னொரு தடவை அழுத்துவார்கள், ஒரே சாக்கு இரண்டு தடவை ஏறிவிடும். அழுத்தியதும் பட்டன் செயலிழந்து ‘பதிகிறது’ என்று காட்டி, முடிந்ததும் ‘214, 12.5 கிலோ பதிந்தது’ என்று பெரிய எழுத்தில் வர வேண்டும். கூடவே ‘மீட்டெடு’ என்ற பட்டன் சில விநாடி நிற்கட்டும். சின்னப் பிழைகளுக்கு ‘நிச்சயமா?’ என்று ஒவ்வொரு தடவையும் கேட்பதைவிடத் திரும்பப்பெறும் வழி நல்லது. எப்போதும் கேட்கப்படும் கேள்விக்கு ஆட்கள் வாசிக்காமலே ‘ஆம்’ சொல்லப் பழகிவிடுவார்கள்.

மலையிடுக்குகளில் சிக்னல் வரும், போகும். ‘அனுப்பு’ அழுத்தியதும் இணையம் இல்லையென்றால் பிழை என்று மிரட்டாமல், ‘போனில் பத்திரமாக உள்ளது, சிக்னல் வந்ததும் போகும்’ என்று சொல்லுங்கள். இன்னும் எத்தனை பதிவு போகவில்லை என்ற எண் பட்டன் மேலேயே தெரியட்டும்.

இப்போது செய்ய முடியாத காரியத்தின் பட்டனை மங்கலாக்குங்கள். அதைத் தொட்டால் காரணம் வரட்டும்: ‘முதலில் மலை நம்பர் வேண்டும்’. அந்த ஆளுக்கு அதிகாரமே இல்லாத காரியமென்றால் மங்கலாகவும் காட்ட வேண்டாம், மறைத்துவிடுங்கள்.

நிறுவையில் கிலோ குறைகிறது என்ற முறைப்பாடு மலையகத்தில் மிகப் பழையது. உங்கள் திரை அதில் ஒரு பக்கம் சாய முடியும், அதனால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். தராசு காட்டியது, கழித்தது, கணக்கில் விழுந்தது என்ற மூன்று எண்ணும் தனித்தனியாக, கொழுந்து போடுபவரும் எட்டிப் பார்த்து வாசிக்கும் அளவில் தெரிய வேண்டும். கடைசி எண்ணை மட்டும் காட்டும் செயலி கேள்வி கேட்கும் வழியை அடைத்துவிடும். திருத்தம் செய்தால் பழைய எண்ணை அழிக்காமல், யார் எப்போது மாற்றினார் என்பதோடு வைத்திருங்கள். ‘இன்றைய மொத்தம்’ பட்டனை மெனுவுக்குள் புதைக்காமல் டூல்பாரில் வைத்ததும் இதனால்தான். ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவான நோமைத் தாண்டிய கிலோ எவ்வளவு, பேர் விழுந்ததா அரைப்பேரா என்று அதில் ஒரே பார்வையில் தெரியட்டும்.

ஏழாம் படி: ஆபிஸ் கணினி

கிளாக்கர் பாவிக்கும் கணினிப் பதிப்புக்கு விதி கொஞ்சம் வேறு. அங்கே மேலே மெனுப் பட்டை வைக்கலாம்: கோப்பு, செக்ரோல், அறிக்கை, அமைப்பு, உதவி. உதவி கடைசியில் வருவது வழக்கம், அதை மாற்ற வேண்டாம். இன்னும் விபரம் கேட்கும் கட்டளைக்குப் பின்னால் மூன்று புள்ளி போடுவதும் பழைய வழக்கம்; ‘அச்சிடு…’ என்றால் பெட்டி ஒன்று திறக்கும் என்று அர்த்தம். வேகமாகத் தட்டச்சு செய்பவர் மவுசைத் தொட விரும்பமாட்டார். என்டர் அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகட்டும். கன்ட்ரோல் எஸ், கன்ட்ரோல் இசட் போன்ற கை பழகிய குறுக்குவிசைகளுக்கு வேறு வேலை கொடுத்துவிடாதீர்கள்.

எட்டாம் படி: தாளில் செய்து சோதிப்பது

நிரல் எழுதுவதற்கு முன்பு போன் அளவுக்குத் தாளை வெட்டி, ஒவ்வொரு திரையையும் பென்சிலால் வரையுங்கள். ஃபிக்மா, பென்பொட் போன்ற மென்பொருள்களில் வரையலாம்தான். ஆனால் தாளில் வரைந்ததைப் பார்த்து ‘இது சரியில்லை தம்பி’ என்று சொல்ல ஆட்கள் கூச்சப்படுவதில்லை. நேர்த்தியாக மின்னும் திரையைக் காட்டினால் மனம் நோகும் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள்.

கணக்கப்பிள்ளையின் கையில் தாளைக் கொடுத்து ‘214ஆம் நம்பருக்கு 12.5 கிலோ போடுங்க அண்ணே’ என்று சொல்லுங்கள். அவர் எந்தப் பட்டனில் விரல் வைக்கிறாரோ, அதற்குரிய அடுத்த தாளை நீங்கள் வையுங்கள். வாய் திறந்து உதவாதீர்கள். இது கஷ்டமான பகுதி. அவர் தயங்கும் இடம், தவறாகத் தொடும் இடம், ‘இது என்னது?’ என்று கேட்கும் சொல், மூன்றையும் குறியுங்கள். பிறகு பிழை திருத்தச் சொல்லுங்கள், புது ஆள் சேர்க்கச் சொல்லுங்கள். நாலைந்து பேரிடம் செய்தாலே பெரிய குறைகள் வெளியே வந்துவிடும். அவர்களில் கண்ணாடி போடுகிறவர் ஒருவரும் இடக்கைப் பழக்கம் உள்ளவர் ஒருவரும் இருந்தால் நல்லது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, மொத்தம் காட்டும் திரையை வாசிக்கச் சொல்லுங்கள்; அந்த எண்கள் அவர்களுக்குரியவை.

தாளில் தேறியதை நிரலாக்கிய பின் உண்மையான நிறுவையில், மழை நாளொன்றில், செக்ரோல் புத்தகத்தோடு சேர்த்து ஓடவிடுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகும்வரை புத்தகத்தை எடுத்துவிடச் சொல்லக் கூடாது. எந்த மெனு அதிகம் திறக்கிறது, எது திறக்கவே இல்லை என்று செயலியே எண்ணிவைக்கட்டும். பிறகு புது வசதி கேட்டு வந்தால் முதலில் மெனுவுக்குள் போடுங்கள். அடிக்கடி தேவைப்படுவது எண்ணிக்கையில் தெரிந்த பிறகு டூல்பாருக்கு ஏற்றுங்கள், ஏற்றும்போது ஏற்கெனவே உள்ள மூன்றின் இடத்தை அசைக்காமல் நாலாவதாகச் சேருங்கள்.